களைப்புக்கு ஒரு பெயர்

2012-ல் என் முகம் உப்பத் தொடங்கியபோது ஊரே என்னைப் பாராட்டியது. "டீச்சர், இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கீங்க. பூரிச்சுப் போயிட்டீங்க" என்றார் பள்ளி அலுவலகத்து அம்மா. அதற்கு முந்தைய வருடம் முழுக்க எலும்பும் தோலுமாகத்தான் இருந்தேன். முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க ஒரு மணி நேரம் ஆகும். சாக்பீஸைப் பிடிக்க முடியாமல், மாணவிகளில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருத்தியைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டுப் பாடம் நடத்துவேன். பிறகு டாக்டர் பிரட்னிசலோன் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் நானே எழுதினேன். மூன்றாம் மாதம் முகம் பௌர்ணமி மாதிரி ஆகிவிட்டது. அது பூரிப்பு இல்லை, மாத்திரையின் வேலை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு வருடம் கழித்து என் தம்பி மகளின் முகம் கறுக்கத் தொடங்கியது. அவளை ஊரே திட்டியது. "வெயில்ல சுத்தாதடி", "மாப்ள பாக்குற நேரத்துல இப்படிக் கறுத்துப் போனா எவன் கட்டுவான்." கடலை மாவு, கற்றாழை, ட்யூபில் வரும் வெள்ளைக் களிம்பு எல்லாம் பூசினார்கள்.

என் உப்பலை அழகென்றார்கள், அவள் கறுப்பை அசிங்கம் என்றார்கள். இரண்டுமே ஒரு சின்னச் சுரப்பியின் கதை என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்த மாதிரி ஒட்டியிருக்கும் அட்ரினல், பாடப்புத்தகத்துத் தமிழில் அண்ணீரகச் சுரப்பி. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். அது சுரக்கும் கார்டிசால் விடியற்காலையில் ஏறி, காலை எட்டு மணி வாக்கில் உச்சத்துக்கு வந்து, நள்ளிரவில் அடங்கும். காய்ச்சலோ அடியோ பயமோ வந்தால் கூடுதலாகச் சுரந்து உயிரைப் பிடித்து வைக்கும். எனக்கு அது மாத்திரை வடிவில் அளவுக்கு மேல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரை மருத்துவம் பற்றியது இல்லை. நான் செய்த ஒரு காரியத்தையும் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தையும் பற்றியது. ஆனால் மருத்துவத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை.

முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால் முதலில் இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் களைப்பு பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில்தான் வரும். "எனக்குக் களைப்பாக இருக்கிறது." "அவளுக்கு முடியல." அங்கே நான் எழுவாய் இல்லை. களைப்பு வெளியே எங்கிருந்தோ வந்து என்மேல் இறங்குகிறது. பசி, தாகம், தூக்கம், காய்ச்சல் எல்லாம் அப்படித்தான். சோம்பலுக்கு வந்தால் கதை மாறிவிடும். "நீ சோம்பேறி." முதல் வேற்றுமை. ஆளே குற்றம். மொழிக்கு இந்த வித்தியாசம் தெரியும், வீட்டுக்குத்தான் தெரிவதில்லை. திருக்குறளில் மடியின்மைக்கு ஒரு முழு அதிகாரம் உண்டு, களைப்புக்கு இல்லை. வள்ளுவரைக் குறை சொல்லவில்லை. படுத்துக் கிடப்பவரைப் பார்த்ததும் நமக்கு முதலில் எந்த அதிகாரம் ஞாபகம் வருகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

வலியைக்கூட நம்புவார்கள். என் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன, அதைப் பார்க்கலாம், தொடலாம். களைப்பைக் காட்ட எதுவும் கிடையாது. அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருக்கும். ஒரு குடம் தண்ணீரை அடுக்களையிலிருந்து பின்வாசலுக்குக் கொண்டுபோவதை நினைத்தாலே அழுகை வரும். இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே தன் களைப்பைச் சொல்வார். "எனக்குந்தான் டீச்சர், வயசாகுதுல்ல." அதோடு பேச்சு முடிந்தது.

2019-ல் ஹார்மோன் வியாதிகளுக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் போனேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ரத்த முடிவுகளைப் பார்த்தார். தைராய்டு சரி, சர்க்கரை சரி, ரத்தத்தின் அளவும் சரி. "எல்லாம் நார்மல்." நான் எங்கேயோ படித்திருந்ததை வைத்து, "அட்ரினல் ஃபெட்டிக்னு சொல்றாங்களே சார்" என்றேன். அவர் தாளிலிருந்து நிமிரவில்லை. "அப்படி ஒரு வியாதியே கிடையாதும்மா. கூகுள் பாக்காதீங்க." நாலு நிமிடம் இருக்கும். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைக்காக நான் அவரை ஒரு வருடம் வெறுத்தேன்.

அந்த வெறுப்போடு இருந்தபோதுதான் இன்னொருத்தி கிடைத்தாள். டாக்டர் இல்லை. ஆரோக்கிய ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டாள். வீடியோ அழைப்பில் நாற்பது நிமிடம் பேசினாள், இல்லை, நாற்பது நிமிடம் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "இத்தன வருஷம் நீங்க எவ்வளவு தாங்கியிருக்கீங்க! உங்க அட்ரினல் ஓஞ்சு போச்சு மேடம். நீங்க சோம்பேறி இல்ல" என்றாள். நான் அழுதுவிட்டேன். நாலு சின்னக் குழாயில் எச்சில் எடுத்து அனுப்பச் சொன்னாள். மூன்று பொடிகள் வந்தன. ஒன்றில் அமுக்கரா, ஒன்றில் அதிமதுரம், மூன்றாவதில் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாதம் மூவாயிரத்துச் சொச்சம்.

அவள் கொடுத்த பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1936-ல் ஹான்ஸ் செல்யே என்பவர் எலிகளை விதவிதமாகத் துன்புறுத்திப் பார்த்து, எந்தத் துன்பமானாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது, அட்ரினல் வீங்குகிறது என்று எழுதினார். இன்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'ஸ்ட்ரெஸ்' அங்கிருந்துதான் புறப்பட்டது. முதலில் அலறல், பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல் என்று மூன்று கட்டம் சொன்னார். அந்த மூன்றாவது கட்டம் நம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்ற மாற்று மருத்துவர் 'அட்ரினல் ஃபெட்டிக்' என்ற பெயரை வைத்தார். 2016-ல் இரண்டு பிரேசில் மருத்துவர்கள் அதுவரை வந்த 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படி ஒரு நிலைக்குச் சான்றில்லை என்று எழுதினார்கள். உழைத்து உழைத்து மனசு ஓயலாம், அதற்காக இந்தச் சுரப்பி ஓய்வதில்லை. அதைவிடச் சங்கடமான சேதியும் உண்டு. அட்ரினலுக்கு என்று அமெரிக்காவில் விற்ற 12 மாத்திரைகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது, பாதிக்கு மேற்பட்டவற்றில் ஸ்டீராய்டும் இருந்தது. இது 2018-ல் வெளிவந்தது. நம் ஊர் மூட்டுவலிப் பொடிகளின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஆக, பெயர் பொய். ஆனால் அந்தப் பொய்ப்பெயர் எனக்கு ஒன்றைச் செய்தது. என்னை விடுதலை செய்தது. வீட்டுக்காரரிடம், "எனக்கு அட்ரினல் ஃபெட்டிக்" என்று சொல்ல முடிந்தது. அவரும் அன்றைக்குத் தானே காப்பி போட்டுக்கொண்டார். உண்மை சொன்னவர் என்னை நம்பவில்லை, என்னை நம்பியவள் உண்மை சொல்லவில்லை. இந்த இரண்டில் எது பெரிய தவறு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நோயாளிக்கு எது வேண்டும், சரியான விடையா, தன் பக்கம் நிற்கும் ஒரு ஆளா?

இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது என்று விதியா என்ன? என் கையில் இருந்த பிரட்னிசலோனின் கதையே அதற்கு எதிர்ச்சாட்சி. 1929-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டரிடம் ஒரு முடக்குவாத நோயாளி, மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து தன் மூட்டுவலி குறைந்துவிட்டது என்றார். சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஹென்ச் குறித்துக்கொண்டார். கர்ப்பிணிகளுக்கும் முடக்குவாதம் தணிவதைக் கவனித்தார். உடம்புக்குள் ஏதோ ஒரு பொருள் இதைச் செய்கிறது என்று பத்தொன்பது வருடம் அந்த எண்ணத்தை விடாமல் வைத்திருந்தார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டால் அட்ரினலிலிருந்து பிரித்தெடுத்த பொருளை 1948 செப்டம்பரில் நடக்க முடியாத ஓர் இளம்பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாளில் அவள் நடந்தாள். 1950-ல் நோபல் பரிசு. ஹென்ச்சும் நோயாளி சொன்னதை நம்பினார், என் பொடிக்காரியும் நம்பினாள். அவர் நம்பியதும் தேடத் தொடங்கினார், அவள் நம்பியதும் பில் போட்டாள்.

இனி என் காரியம்.

தம்பி மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். 2020 ஐப்பசியில் ஊருக்குப் போனபோது கட்டிலோடு கிடந்தாள். "போனை நோண்டிக்கிட்டு படுத்தே கெடக்கா மதினி. ஒரு டம்ளரக் கழுவ மாட்டா" என்றாள் தம்பி மனைவி. எடை குறைந்திருந்தது. எழுந்து நின்றால் கண்ணைக் கட்டுகிறது என்றாள். உப்பு நார்த்தங்காயை ஜாடியிலிருந்து எடுத்து வெறுமனே தின்றாள், ஒன்றில்லை, மூன்று நாலு. "என்னடி, மசக்கையா?" என்று பக்கத்து வீட்டுக் கிழவி கேட்டுச் சிரித்தாள். கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றிரவு தம்பி மனைவி அழுதாள். அதற்குப் பிறகு நார்த்தங்காய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் அந்த ஆலோசகர் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன். "நீ சோம்பேறி இல்லடி. உன் அட்ரினல் ஓஞ்சு போச்சு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொடிகளை நானே வாங்கி அனுப்பினேன். இது நான் செய்த காரியம்.

என் விஷயத்தில் உண்மை சீக்கிரமே வெளிவந்தது. ஸ்டீராய்டு விஷம், குறைத்துவிடுங்கள் என்று பொடிக்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். 2021 பிப்ரவரியில் இரண்டே வாரத்தில் பிரட்னிசலோனை நிறுத்தினேன். ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது. பள்ளி வராந்தாவில் விழுந்தேன். இந்த முறை கிடைத்த டாக்டர் வயதானவர். என்னைப் படுக்க வைத்து அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த மாத்திரையை நிறுத்தினீங்கம்மா?" காலை எட்டு மணி ரத்தத்தில் கார்டிசால் பத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுக்குக் கீழ் இருந்தது. எட்டு ஒன்பது வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் மூளை அட்ரினலுக்கு உத்தரவு போடுவதையே மறந்துவிட்டது என்று விளக்கினார். சிரிப்பாக வந்தது. என் அட்ரினல் வேலை செய்து ஓயவில்லை. வேலையே இல்லாமல் தூங்கிப் போயிருந்தது. அதை எழுப்ப மாத்திரையைத் துளித்துளியாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தவே கூடாது. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு ஓட வேண்டும். என் களைப்பில் ஒரு பங்குதான் இது, மீதி முடக்குவாதத்துடையது, அது போகாது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைக்காத முதல் ஆள் அவர்.

அன்றைக்கே தம்பி மகளுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்தேன். எடுத்ததும் அவள், "இப்ப கொஞ்சம் தேவல அத்தை. அந்தப் பொடிதான்" என்றாள். நான் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த ஐந்து மாத மௌனத்துக்கு நான் சேர்த்து வைத்த காரணங்கள் ஒவ்வொன்றும் நல்ல காரணம்தான். அவள் ஸ்டீராய்டு சாப்பிடவில்லை, நிறுத்தி விழுவதற்கு எதுவும் இல்லை. பொடி நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது. வீட்டில் அவளைத் திட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள், பெயரைப் பிடுங்கினால் மறுபடி சோம்பேறி ஆகிவிடுவாள். ஆறுதலைக் கெடுக்க நான் யார்? இப்படி. இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது வெட்கம். ஏமாந்தது போதாதென்று இன்னொருத்தியையும் ஏமாற்றிய டீச்சர் என்ற வெட்கம். கருணை என்று நான் நினைத்ததில் கருணை எவ்வளவு, கௌரவம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

அந்த 'கொஞ்சம் தேவல' கூடப் பொய்யில்லையாம். அதிமதுரம் உடம்பில் மிச்சமிருக்கும் கார்டிசாலை உடையவிடாமல் தடுத்து உப்பைப் பிடித்து வைக்கும். கொஞ்ச நாள் தாங்கியிருக்கலாம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அதாவது பொடி வேலை செய்திருக்கலாம். அதுதான் பயங்கரம்.

2021 ஜூலையில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்த அழுத்தம் எழுபதில் இருந்தது. சோடியம் அதல பாதாளம். பணியில் இருந்த பெண் டாக்டருக்கு அவள் வயதைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். அவளது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகள் மையால் கோடு போட்ட மாதிரி கறுத்திருந்தன. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். அங்கேயும் கறுப்புத் திட்டு. "எப்ப இருந்து கறுத்தாங்க?" என்று கேட்டார். ஒன்பது மாதமாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததை முதன்முறையாக ஒருவர் கேள்வியாகக் கேட்டார். ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்பு நீரும் ஏற்றினார்கள். அன்று மாலை அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

ஸ்கேனில் இரண்டு அட்ரினலும் சிதைந்து சுண்ணாம்பு படிந்திருந்தது. காசநோய். நுரையீரலில் இருமலாக வராமல் நேரே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. 1855-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் அடிசன் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். காரணம் தெரியாத தளர்ச்சி, தோல் கறுப்பு, செத்த பிறகு திறந்து பார்த்தால் அட்ரினல் கெட்டுப்போயிருக்கும். அந்தச் சுரப்பி எதற்கு என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. பலருக்குக் காரணம் காசநோய்தான். அட்ரினல் பதில் சொல்லாதபோது மூளையடிச் சுரப்பி கத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கத்தல்தான் தோலில் கறுப்பாகப் படிகிறது. வெள்ளைக்காரர் உடம்பில் அது வெண்கல நிறமாகப் பளிச்சென்று தெரியும். நம் உடம்பில் உள்ளங்கையிலும் ஈறிலும் தேட வேண்டும். தேடாமல் களிம்பு பூசினோம்.

பெயரைப் பற்றி இன்னொன்று. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் அடிசன் நோய் இருந்தது. 1947-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். 1960 தேர்தலில் எதிரணி அதைக் கிளப்பியபோது அவர் தரப்பு சொன்ன மறுப்பு சாமர்த்தியமானது. அடிசன் நோய் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது காசநோயால் அட்ரினல் அழிவது, அது அவருக்கு இல்லை என்றார்கள். எழுத்துக்கு எழுத்து உண்மை. காசநோய் இல்லைதான், அட்ரினலும் இல்லைதான். பொய்ப்பெயரால் மட்டுமல்ல, சரியான பெயரைக் கொண்டும் மறைக்கலாம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. களைத்த ஆளுக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் உப்பியதைப் பூரிப்பு என்று விட்டுவிட்ட நான் எந்த வாயால் பேச?

ஆவணி கடைசியில், அவள் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொன்னேன். பொடி பொய் என்று பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "நீங்க சொல்லியிருந்தா அப்ப நான் நம்பியிருக்க மாட்டேன் அத்தை" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் அதோடு விடவில்லை.

"ஆனா சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"எல்லாரும் திட்டுனப்ப நீங்க ஒரு ஆள்தான் நம்புனீங்க. அதனாலதான் டாக்டர்ட்டயே போகல. திட்டு வாங்கிட்டே இருந்திருந்தா எங்கம்மாவே என்னய இழுத்துட்டுப் போயிருப்பா."

இதற்கு நான் இதுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை. நம்பிக்கையைவிடத் திட்டு நல்லது என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவள் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை.

காசநோய் மாத்திரை முடிந்துவிட்டது. அதில் ரிஃபாம்பிசின் இருந்த வரைக்கும் ஹைட்ரோகார்டிசோனைக் கூட்ட வேண்டியிருந்தது, ஒன்று மற்றொன்றைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். இப்போது ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், காலையில் பாதிக்கு மேல், மீதி பிற்பகலில். உப்புக்கென்று தனியாக ஒரு சின்ன மாத்திரை. ஆயுசுக்கும். அவள் சுரப்பி திரும்ப வராது. எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்குகிறாள். பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறாள்: இந்த நோய், மயங்கிக் கிடந்தால் இந்த ஊசி. வேலைக்குப் போகிறாள். களைப்பு முழுதாகப் போகவில்லை. அதைக் கேட்டால், "எட்டு மணிக்கு மேல பேசுங்க அத்தை, மாத்திரை இப்பத்தான் உள்ள போயிருக்கு" என்பாள். நானும் இன்னும் நாலு மில்லிகிராமில் நிற்கிறேன். அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் விரல்கள் வீங்குகின்றன. நார்த்தங்காய் ஜாடி பரணிலிருந்து இறங்கிவிட்டது.

போன தீபாவளிக்கு மறுநாள் காலையில் போன் செய்தாள். காய்ச்சல் 101, மாத்திரையை இரட்டிப்பாக்கிவிட்டேன், கேட்க இல்லை, சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றாள். கையைக் காட்டு என்றேன். வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போய் உள்ளங்கையை விரித்துப் படம் எடுத்து அனுப்பினாள். மருதாணி போட்டிருந்தாள். ரேகை தெரியவில்லை. "இன்னொரு கையையும் அனுப்பு" என்றேன்.